அழைப்புக் கடிதம் யாரிடம் இருக்கிறது?

நண்பர்களே, வணக்கம்.

வெளிநாடு செல்லும் கலைஞருக்கு நிதியுதவி என்றதும் மேடை, விளக்கு, கைதட்டல் எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன. நான் பேச வந்தது வேறொரு பணத்தைப் பற்றி. நிகழ்ச்சி எதுவும் நடத்தாமல், நாலு பேரைச் சந்தித்துப் பேசிவிட்டு வருவதற்குக் கொடுக்கும் பணம்.

அப்படியும் யாராவது கொடுப்பார்களா? கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கலை மன்றமும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து 2012இல் ஒரு நிதியைத் தொடங்கின. உள்ளூரில் ஓரளவு பெயர் எடுத்து, வெளியே இன்னும் அறிமுகமாகாத, தனித்து இயங்கும் கலைஞர்களுக்கு 1,000 முதல் 5,000 பவுண்டு வரை கிடைத்தது. நியூயார்க்கில் 1963இல் மூன்றாம் ஜான் டி. ராக்பெல்லர் தொடங்கிய ஆசியக் கலாச்சார மன்றமும் படைப்பைவிடப் பரிமாற்றத்தையே முன்னிறுத்துகிறது.

சரி, சிக்கல் எங்கே? விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: ‘அழைப்புக் கடிதத்தை இணைக்கவும்.’ கலைஞர்களின் பயணத்துக்குப் பணம் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘கல்ச்சர் மூவ்ஸ் யூரோப்’ திட்டத்திலும் போகும் நாட்டில் ஒரு கூட்டாளி இருந்தாக வேண்டும். நிதி கொடுப்பவரைக் குறை சொல்ல முடியாது. சும்மா ஊர் சுற்ற யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் அங்கே ஆள் தெரிந்தவருக்குத்தான் கடிதம் கிடைக்கும். ஆளே தெரியாதவருக்கென்று ஒதுக்கிய பணம், கடைசியில் ஏற்கெனவே தெரிந்தவர் கைக்கே போய்ச் சேருகிறது.

கலைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் கடிதத்தை நீங்கள் போக நினைக்கும் ஊரின் விழா இயக்குநருக்கு எழுதாதீர்கள். அவருடைய அஞ்சல்பெட்டி நிரம்பி வழியும். அதே ஊரில் உங்களைப் போலவே வேலை செய்கிற ஒரு கலைஞருக்கு எழுதுங்கள். ஐந்து வரி, இரண்டு நிமிடக் காணொளி, அவருடைய படைப்பைப் பார்த்துவிட்டுக் கேட்கும் ஒரு உண்மையான கேள்வி. தன்விவரக் குறிப்பு அப்புறம் போகட்டும்.

விசா தனிக்கதை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. பண்பாட்டுப் பன்முகத்தன்மையைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கை, வளரும் நாட்டுக் கலைஞர்களுக்குச் சலுகை காட்டும்படி வளர்ந்த நாடுகளைக் கேட்கிறது. 16ஆவது பிரிவு. விசா கவுண்டரில் இருப்பவர் அதைப் படித்திருப்பார் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். அந்தச் செலவை முதலிலேயே வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

நிதி வழங்குவோரும் இங்கே இருக்கிறீர்கள். கலைஞர் ஊர் திரும்பிய கையோடு ‘என்ன சாதித்தீர்கள்?’ என்று அறிக்கை கேட்கிறீர்கள். பாவம், அவர் என்ன எழுதுவார்? வாங்கி வந்த விசிட்டிங் கார்டுகளை எண்ணி எழுதுவார். முதல் சந்திப்பில் கிடைப்பது முகப்பழக்கம்தான். சேர்ந்து வேலை செய்யலாமா என்ற பேச்சு பெரும்பாலும் இரண்டாவது தடவை போகும்போதுதான் எழும். அதற்குள் பணம் தீர்ந்திருக்கும். ஆகவே தொகையை ஒரே பயணத்தில் கரைக்கச் சொல்லாமல், ஒரு பங்கை மறுபயணத்துக்கென்று நிறுத்தி வையுங்கள். அறிக்கையை அதற்குப் பிறகு கேளுங்கள்.