பைக் டயர் செலவைக் குறைக்கலாம்: காற்றில் தொடங்கி, பில்லில் முடிப்போம்

[காட்சி: பாபநாசத்துக்கு வெளியே, கும்பகோணம் சாலையோரத்தில் ஒரு பஞ்சர் கடை. கழற்றிப் போட்ட டயர்களின் குவியல்.]

வணக்கம். இந்தக் குவியலில் மேலாகக் கிடக்கும் டயரைப் பாருங்கள். நடுவில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டு ஓரமும் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. காற்றுக் குறைவாகவே ஓடிய டயர் இப்படித்தான் தேயும். பக்கத்தில் கிடப்பது அதற்கு நேர் எதிர், நடுவில் மட்டும் மொட்டை. அது தேவைக்கு மேல் காற்று அடித்து ஓட்டியது. இரண்டு வண்டிக்காரர்களுமே பாதி ரப்பரை இங்கே விட்டுவிட்டுப் புது டயருக்குக் காசு கொடுத்துப் போயிருக்கிறார்கள்.

டயர் செலவு என்றாலே எந்தக் கடையில் நூறு ரூபாய் குறைவு என்றுதான் பேசுகிறோம். அந்த நூறு ரூபாயையும் விட வேண்டாம், அதற்கும் வருகிறேன். ஆனால் பெரிய காசு போவது காற்றில்தான்.

[காட்சி: விடியற்காலை, வீட்டு வாசல். வால்வில் காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்ப்பது.]

நம்மில் பலர் பெட்ரோல் பங்கில் நின்று “முன்னாடி 25, பின்னாடி 30 அடிங்கண்ணே” என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். எல்லா வண்டிக்கும் அது சரியாக வராது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. சில வண்டிகளில் செயின் கவர் பக்கம் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கும். பின் டயருக்கு இரண்டு அளவு போட்டிருப்பார்கள்: தனியாகப் போனால் ஒன்று, பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல். நம் பக்கம் பின்சீட்டில் ஆளுக்குப் பதில் உர மூட்டை போகும், புல்லுக்கட்டு போகும். அதுவும் எடைதான். சுமை ஏற்றும் நாளில் இரண்டாவது அளவுக்கு அடியுங்கள்.

பார்ப்பதும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்பு. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், நம்பி ஏமாந்துவிடுவோம். சின்னதாக ஒரு கேஜ் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். நைட்ரஜன் என்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

சரி, டயர் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

[காட்சி: டயரின் தோள்பட்டை. சிறிய முக்கோணக் குறியை விரல் காட்டுகிறது.]

டயரின் ஓரத்தில் சிறிய முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்தோ இருக்கும், அது தேய்மானக் குறி. அதற்கு நேராகப் பட்டன் பள்ளத்துக்குள் பாருங்கள், குட்டியாக ஒரு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்கு முன்பே, “பார்க்கப் பழசா இருக்குதே” என்று மாற்றினால் காசு வீண்.

இதில் நான் நம் ஊர் பருவத்தையும் சேர்த்தே கணக்குப் போடுவேன். சித்திரை, வைகாசியில் மேட்டுக்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தால் தாராளமாக ஓட்டித் தீர்க்கலாம். ஆனால் அதே டயரோடு ஐப்பசி மழைக்குள் போகாதீர்கள். தார்ச்சாலையில் நிற்கும் தண்ணீரைப் பட்டன் பள்ளம்தான் வெளியே தள்ளுகிறது. அது போதாதென்று சம்பா நடவில் டிராக்டர் வயலிலிருந்து ஏறி வரும்போது களிமண்ணையும் ரோட்டில் அப்பிவிட்டுப் போகும். அந்தச் சேற்றில் மொட்டை டயரோடு பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. அந்த ஒரு விழுகைக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவில் எத்தனை டயர் வாங்கலாம்! ஆகவே புரட்டாசியில் ஒரு தடவை உட்கார்ந்து பட்டனைப் பாருங்கள்.

இரண்டு டயரையும் சேர்த்து மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எஞ்சின் இழுப்பும் ஆளின் எடையும் பின் டயரில் விழுவதால் பின்னால்தான் முதலில் தேயும். முன் டயரில் பட்டன் இருந்து, பக்கவாட்டில் வெடிப்பும் இல்லையென்றால் அது ஓடட்டும்.

[காட்சி: புது டயரின் பக்கவாட்டு எழுத்துகள், மிக அருகில்.]

இப்போது கடைக்குப் போவோம். ஒரு வருடம் மழைக்கு முன்னால் அவசர அவசரமாக, நல்ல தள்ளுபடி என்று சொன்ன ஒரு கடையில் டயர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு வருடப் பழைய சரக்கு. அடுத்த கோடையிலேயே பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிட்டது. பட்டன் அப்படியே இருக்க, டயரைத் தூக்கிப் போட்டேன். இன்றைக்கும் அது எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

உங்களுக்கு அது வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் முதல் வாரம், மேட்டூர் அணை திறக்கும் சமயத்தில் தயாரானது. காசு கொடுப்பதற்கு முன்பே அதைப் படியுங்கள். கடைக்காரரிடம் “அண்ணே, இதுக்குப் பின்னாடி வந்த சரக்கு இருக்கா?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

அந்த எண்ணில் இன்னொரு லாபமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன் தயாரான டயரில் பழைய எம்.ஆர்.பி. இருக்கலாம். இன்று விற்றால் இன்றைய வரிதான். பழைய விலையைக் காட்டினால், வரி குறைந்த பிறகு என்ன விலை என்று கேளுங்கள். பில்லும் கண்டிப்பாக வாங்குங்கள். தயாரிப்புக் கோளாறால் டயர் வீங்கினாலோ பிளந்தாலோ, மீதமிருக்கும் பட்டனைக் கணக்கிட்டுக் கம்பெனி ஈடு கொடுக்கும். அதற்குப் பில் வேண்டும்.

அளவு விஷயம். 80/100-18 47பி என்றால் அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அகலத்தில் 100 சதவீதம், அதாவது அதே அளவு, ரிம் 18 அங்குலம். 47 என்பது சுமைக் குறி, அந்த டயர் 175 கிலோ வரை தாங்கும். அதுவே 54 என்றால் 212 கிலோ. பி என்பது வேகக் குறி. தினமும் மூட்டை ஏற்றுபவர் கூடுதல் சுமைக் குறியுள்ள டயரை எடுத்தால் அது நெடுநாள் உழைக்கும். பார்வைக்காக அகலமான டயர் போடுவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலையும் கூடுதல், மைலேஜும் குறையும், சில வண்டிகளில் செயின் கவரிலும் உரசும்.

பழைய டயரில் கத்தியால் புதிதாகக் கோடு வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு விற்பவர்களும் உண்டு. அடியில் இருக்கும் ரப்பர் ஏற்கெனவே மெல்லிசு, அதையும் வெட்டினால் என்ன மிஞ்சும்? சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டியூப் டயர் என்றால் டயரோடு டியூபையும் மாற்றிவிடுங்கள். பழைய டியூப் நீண்டுபோயிருக்கும். புது டயருக்குள் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே பஞ்சர் ஆகும். கருவை முள் ஏறினால், முள்ளை எடுத்ததோடு விடாமல் டயரின் உள்பக்கத்தையும் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முனை உடைந்து உள்ளே நின்றிருந்தால் மறுநாளும் அதே கடைக்குத்தான் வருவீர்கள். காற்று இறங்கிய பிறகு, “கடை பக்கத்துலதானே” என்று உருட்டிக்கொண்டே ஓட்டாதீர்கள். ரிம் கடித்துப் பக்கவாட்டுச் சுவர் நசுங்கினால் பஞ்சர் கூலியில் முடிய வேண்டியது முழு டயரில் போய் நிற்கும். இறங்கித் தள்ளுங்கள்.

[காட்சி: புது டயர் மாட்டிய வண்டி, கடையை விட்டு இறங்குகிறது.]

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டயரில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும். செயின் தளர்வையும் பின் பிரேக்கையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். புது டயரின் மேல் தோல் வழுக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்காமல், நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மணி சிந்திக் கிடக்கும் இடத்தில் திடீர் பிரேக் பிடிக்காமல், மெதுவாகவே வீட்டுக்குப் போங்கள்.