பிள்ளை பெற்றவளின் அழுகைக்குக் காரணம் வீடே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிள்ளை பெற்றவளின் அழுகைக்குப் பெரிதும் காரணம் உடலா, வீடா? வீடுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு வரியில் கைதட்டு வாங்கிவிட்டார்: "கணவர் தொட்டிலை ஆட்டினால் ஹார்மோன் இறங்காமல் நின்றுவிடுமா?" நிற்காது ஐயா! பிரசவமான ஓரிரு நாளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன்கள் மடமடவென்று இறங்கத்தான் செய்யும். ஆனால் பெற்றவர் அத்தனை பேருக்கும் இறங்குகிறதே! பேபி ப்ளூஸ் என்கிற இந்த அழுகை 100 தாய்மாரில் 50 முதல் 80 பேருக்குத்தானே வருகிறது? மிச்சப் பேருக்கு ஹார்மோன் ஏறியதா?

எங்கள் உறவில் ஒரு பெண். பிரசவமான நான்காம் நாள். குழந்தையின் குட்டி சாக்ஸ் ஒன்று கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. குனிந்தால் தையல் இழுக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு அழுகிறாள். ஒரு சாக்ஸுக்கா இந்த அழுகை? கேளுங்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பால் சரியாகச் சுரக்கவில்லையோ என்று பயம். காலையில் ஒருவர் வந்தார், "மூக்கு யார் ஜாடை?" அடுத்தவர், "பால் போதுதா?" அவர் போனதும் இன்னொருவர், "பிள்ளை இளைச்ச மாதிரி இருக்கே, பால் போதுதா?" மறுபடியும் பால்! ஒருவர் கேட்டால் அக்கறை, வந்தவரெல்லாம் கேட்டால் விசாரணை. எல்லோரும் தொட்டிலைத்தான் பார்த்தார்கள். கட்டிலைப் பார்த்து, "நீ தூங்கினியாம்மா?" என்று கேட்டவர் யார்? கடைசியில் சாக்ஸை எடுத்துக் கொடுத்த பெரியவர் சொன்னார், "நாங்களெல்லாம் பெறலையா? இதுக்குப் போய் அழுவாங்களா?" அழுகை நின்றது. அன்றிலிருந்து யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

முன்பே மனச்சோர்வு வந்தவர், மாதவிடாய்க்கு முன் மனம் துவளுகிறவர், கர்ப்பத்திலேயே பதற்றமாக இருந்தவர், இவர்களுக்கு இந்த அழுகை வர வாய்ப்பு கூடுதல் என்றது எதிரணி. சரி, உண்மைதான். அது தெரிந்த வீடு அவளை இன்னும் கூடுதலாகத் தாங்க வேண்டாமா? தூக்கமின்மை, தனிமை, கணவரோடு சண்டை, பணக்கவலை, இதெல்லாம் எந்தச் சுரப்பியில் ஊறுகிறது ஐயா?

வாதம் கிடக்கட்டும். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். அழுவதால் நீ கெட்ட அம்மா ஆகிவிட மாட்டாய். பிரசவமான இரண்டு மூன்று நாளில் தொடங்கும் இந்த அழுகை, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். வடியவில்லையா, மருத்துவரிடம் போ. சாக வேண்டும் என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே, அப்போதே போ. பக்கத்தில் இருக்கும் தம்பி, நீங்களும் கூடப் போங்கள். இன்றைக்கு ராத்திரி பிள்ளை அழுதால் நீங்கள் எழுந்திருங்கள். பால் குடிக்க மட்டும் அவளிடம் கொடுங்கள். தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றி, தூங்க வைப்பது உங்கள் வேலை. செய்வீர்களா தம்பி? கை தூக்குங்கள் பார்ப்போம்!

நடுவர் அவர்களே, தம்பி கை தூக்கிவிட்டார். நன்றி, வணக்கம்.