முதலில் அந்த செல்போனைப் பாருங்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். செல்போனில் பஸ் டிக்கெட் எடுக்கும்போது இருக்கையைத் தொட்டதும் அதன் நிறம் மாறுகிறது, கீழே கட்டணமும் மாறுகிறது, இல்லையா? இந்த மாதிரி இணையப் பக்கங்களை எழுத ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட் என்று பல கருவிகள் உண்டு. கணினி படிக்கும் பிள்ளைகள் "எது சார் நல்லது?" என்று கேட்பார்கள். "யாருக்குச் செய்யப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தோவாளையில் ஒரு பூ வியாபாரி அண்ணாச்சி. "தம்பி, பிச்சி என்ன விலை, மல்லி என்ன விலைன்னு விடியுமுன்னே போன் ஓயமாட்டேங்குது. அதை நெட்டுல போட்டுத் தா" என்றார். ரியாக்டில் எழுதினேன். என் லேப்டாப்பில் பறந்தது. ஓண வாரம், சந்தையில் நல்ல நெரிசல். அவருடைய பழைய செல்போனில் திறந்தால் வெள்ளைத் திரை! "என்ன தம்பி, வெள்ளையாவே நிக்கி?" என்றார், தராசைப் பிடித்தபடியே.

நடந்தது இதுதான். பக்கம் வெறுமையாக வந்தது. நிரல், அதாவது நான் எழுதிய கட்டளைகள், முழுவதும் இறங்கி, அந்த போன் அதை ஓட்டி முடித்த பிறகுதான் விலை தெரியும். ஆறு பூவின் பெயர், ஆறு எண். அதற்கு இவ்வளவு சுமை! அப்புறம் பக்கத்தை அனுப்பும் கணினியான சர்வரிலேயே விலையை எழுதி அனுப்பினேன், எண்ணை மட்டும் புதுப்பிக்கச் சின்ன நிரல் வைத்தேன். உடனே திறந்தது. ரியாக்டிலும் அப்படிச் சர்வரிலிருந்து எழுதி அனுப்ப வழி உண்டு, நான்தான் செய்யவில்லை. அதனால் மறுபடியும் சொல்கிறேன்: யார், எந்த போனில் பார்ப்பார்கள்?

ஒன்றைத் தொட்டால் ஐந்து இடம் மாறவேண்டிய டிக்கெட் பக்கத்துக்கு இந்தக் கருவிகள் நிச்சயம் வேண்டும். 2013-இல் வெளிவந்த ரியாக்டுக்கு உதவி கேட்க ஆள் நிறைய. ஏற்கெனவே உள்ள பக்கத்தின் ஒரு மூலையில் மட்டும் வியூவைச் சேர்க்கலாம். ஸ்வெல்ட் பெரும்பாலான வேலையை முன்கூட்டியே முடித்து அனுப்புவதால் சின்னப் பக்கங்களில் போனுக்குச் சுமை குறைவு. ஆங்குலரில் எல்லாம் சேர்ந்தே வரும், பெரிய குழுவுக்கு வசதி. ஆனால் 2016-இல் அது அடியோடு மாறியபோது, அதன் பழைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதியவர்கள் பெரும்பகுதியைத் திரும்ப எழுதவேண்டி வந்தது. ஐந்து வருடம் கழித்து யார் பராமரிப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: எந்தக் கருவியானாலும் பட்டனைப் பட்டனாகவே எழுதுங்கள். பார்வையற்றவர்களின் போன் அதைப் "பட்டன்" என்று வாசித்துச் சொல்லும். வெறும் பெட்டிக்கு நிறம் பூசி வைத்தால் சொல்லாது. வணக்கம்.