ஜிம் வார்ட் இல்லாத அட் தி டிரைவ்-இன்

(திரையில்: சிட்னி, 2001 ஜனவரி 26)

பிக் டே அவுட் இசை விழா. மேடையேறிய ஐந்து பேர் மூன்றே பாட்டோடு இறங்கிப் போய்விடுகிறார்கள். கீழே கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டிருக்கிறது, யாருக்காவது அடிபடும், நிறுத்துங்கள் என்று பாடகர் செட்ரிக் பிக்ஸ்லர் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் மைக்கில் ஆடு மாதிரிக் கத்திக் காட்டிவிட்டுக் கிளம்பினார். அன்றே அதே விழாவில், லிம்ப் பிஸ்கிட் என்ற ராக் குழு வாசித்தபோது நெரிசலில் சிக்கிய ஒரு சிறுமி பிறகு இறந்துபோனாள்.

அந்த ஐந்து பேர்தான் அட் தி டிரைவ்-இன் என்ற அமெரிக்க இசைக்குழு. போஸ்ட்-ஹார்ட்கோர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் போட்டுக் காட்டுவது இவர்களைத்தான். ஹார்ட்கோர் பங்க் என்கிற அதிவேக ராக் இசையின் வேகமும் கோபமும் அப்படியே இருக்கும், ஆனால் பாட்டு நேராக ஓடாது. திடீரென்று அடங்கும், கிட்டார் கோணலாக எங்கேயோ போகும், அப்புறம் மொத்தமாக வெடிக்கும்.

(திரையில்: எல் பாசோ, டெக்சாஸ்)

ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல் பாசோ, அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ். 1994இல் செட்ரிக்கும் கிட்டாரிஸ்ட் ஜிம் வார்டும் இங்கே குழுவைத் தொடங்கினார்கள். 1997இல் வந்த முதல் ஆல்பம் 'அக்ரோபேடிக் டெனமென்ட்'டின் ஒலிப்பதிவுக்கு ஆன செலவு வெறும் 600 டாலர். பின்னாளில் கிட்டாருக்காகவே கொண்டாடப்பட்ட ஓமார் ரோட்ரிகஸ் அதில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார்!

அதே வருடம் வார்ட் ஒதுங்கிப் போனார். 'எல் கிரான் ஓர்கோ' என்ற சிறிய இசைத்தட்டில் அவர் இல்லை. பேஸுக்கு பால் ஹினோஹோஸ், டிரம்ஸுக்கு பெய்ரூட்டில் பிறந்த டோனி ஹஜ்ஜார் வந்தார்கள். பிறகு வார்ட் திரும்பிவர, ஓமார் கிட்டாரில் நிலைக்க, நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிற அந்த ஐவர் அணி அமைந்தது. 1998இல் 'இன்/கசினோ/அவுட்' ஆல்பத்தை ஸ்டூடியோவில் மேடைக் கச்சேரி போலவே சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள்.

2000இல் ராஸ் ராபின்சன் தயாரிப்பில் 'ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்'. ஹுவாரெஸில் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி அதில் ஒரு பாட்டு இருக்கிறது. தங்கள் ஊருக்கு எதிர்க்கரையில் நடந்த கொடுமையை அவர்கள் சும்மா கடந்துபோகவில்லை, அந்தப் பாட்டை இன்றைக்கும் என்னால் ஒரே மூச்சில் கேட்க முடிவதில்லை.

சரி, உச்சியில் இருந்தார்கள். சிட்னிக்கு அப்புறம் இரண்டே மாதம், 2001 மார்ச்சில் ஐரோப்பியப் பயணத்தைப் பாதியில் நிறுத்திக் காலவரையின்றி ஓய்வு என்று அறிவித்தார்கள்.

குழு நடுவில் பிளந்தது. செட்ரிக்கும் ஓமாரும் தொடங்கிய புதுக் குழு தி மார்ஸ் வோல்டா. வார்ட், ஹினோஹோஸ், ஹஜ்ஜார் மூவரும் தொடங்கியது ஸ்பார்ட்டா. 2005இல் ஹினோஹோஸ் ஸ்பார்ட்டாவை விட்டு மார்ஸ் வோல்டாவுக்கே போய்விட, அந்தக் காலத்தில் ஸ்பார்ட்டாவுக்கு வந்து சேர்ந்தவர் கீலி டேவிஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

2012இல் ஐவரும் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழா மேடையில் மறுபடி சேர்ந்தார்கள். புதுப் பாட்டு எதுவும் வரவில்லை. 2016இல் மீண்டும் சுற்றுப்பயணம் அறிவித்தார்கள், புது ஆல்பமும் வரும் என்றார்கள், அது தொடங்கும் நேரத்தில் வார்ட் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? கீலி டேவிஸ். வார்டின் சொந்தக் குழுவில் வார்டின் பக்கத்தில் நின்று வாசித்தவர்!

2017இல் வந்த 'இன்டர் ஏலியா' மோசமான ஆல்பம் இல்லை. டேவிஸ் நன்றாகவே வாசிக்கிறார். ஆனால் பழைய பாட்டுகளில் செட்ரிக் சிதறிச் சிதறிப் பாடும்போது பின்னாலிருந்து வார்ட் ஒரு கத்தல் கொடுப்பார், அதுதான் பாட்டை இழுத்துப் பிடித்துத் தரையில் நிறுத்தும். புது ஆல்பம் முழுக்க நான் தேடியது அந்தக் குரலைத்தான்.

2018இல் குழு மறுபடி ஓய்வுக்குப் போனது. 2022இல் இரண்டு ஆல்பங்கள் வந்தன: ஒன்றின் பெயர் 'தி மார்ஸ் வோல்டா', இன்னொன்றின் பெயர் 'ஸ்பார்ட்டா'.