மிஸ்ஸிங் அடிக்கும் அம்பாசிடர்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டையில் பழைய கார்களுக்குப் பட்டறை வைத்திருக்கிறேன். 1956 வரை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்த ஊர் இது. எல்லைக்கோடு மாறிய பின்பும் ஆரியங்காவு கணவாய் வழியாக வண்டிகள் எங்களைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஓர் ஆடி மாதம், நல்ல சாரல். கேரளத்துப் புனலூரில் கடை வைத்திருக்கும் ஒருவர், தம் அப்பா வாங்கிய அம்பாசிடரைக் கொண்டுவந்தார். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். “அண்ணாச்சி, தென்மலை தாண்டி ஏற்றம் வந்ததும் மிஸ்ஸிங் அடிக்கிறது. மூன்று இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டார்கள்” என்றார். மிஸ்ஸிங் என்றால் எஞ்சின் இடையிடையே வெடிக்காமல் விட்டுவிட்டு ஓடுவது; கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம். எனக்கு மனம் கசந்தது. எஞ்சின் கொஞ்சம் குலுங்கினாலே கை முதலில் கார்புரேட்டர் திருகுக்குப் போகிறது. அங்கே கை வைத்துவிட்டால் பழைய கோளாறோடு புதிய கோளாறும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் முதலில் சைலன்சர் வாயருகே உள்ளங்கையைப் பிடித்தேன். நான்கு சிலிண்டரும் ஒழுங்காக வெடித்தால் காற்று சீராக வந்து கையில் படும். இங்கே நான்கு அடிக்கு ஓர் அடி விட்டுவிட்டு வந்தது. தாளம் மாறாமல் ஒரே இடத்தில் அடி விழாவிட்டால் குறை ஒரு சிலிண்டரில் இருக்கிறது. முன்பின்னாகத் தாறுமாறாக விழுந்தால், நான்குக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் பாயின்ட், கண்டென்சர், காயில்; அல்லது பெட்ரோல்.

எஞ்சினை நிறுத்தி, பொறி தந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் ஒன்றின் ஒயரைக் கழற்றி அதன் முனையை எஞ்சின் இரும்போடு சேர்த்துக் கட்டிவிட்டு மறுபடி ஓட விட்டேன். அப்போது அந்த சிலிண்டர் வெடிக்காது. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நான்கு மூன்றிலும் ஓட்டம் தளர்ந்தது. இரண்டில் எந்த மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

அடுத்து கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு பார்த்தேன். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு. இரண்டில் மட்டும் குறைந்திருந்தால், உள்ளே ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்திருப்பேன். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு அல்லது எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் தகடு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது பிளக்கை நான்காவதோடு மாற்றினேன். குறை இரண்டிலேயே இருந்தது. ஒயரை மாற்றினேன். அப்போதும் இரண்டில்தான். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். இனி மிச்சம், நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. துடைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இருட்டும் வரை அவரை இருக்கச் சொன்னேன். பட்டறை விளக்குகளை அணைத்து, பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டோம். மூடியின் மேல், இரண்டாவது ஒயர் நுழையும் குழலிலிருந்து ஓரத்துக் கிளிப் வரை, ஊசி நூல் போல நீலப் பொறி ஓடியது. மூடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்; சாரல் ஈரம் அதில் இறங்கி, மின்சாரம் அதன் வழியே வடிந்து, கரிக்கோடு போட்டுவிட்டது. ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பளு கூடும்போது பிளக்கில் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். அப்போது மின்சாரம் எளிதான வழியான விரிசலில் போய்விடும். அதனால்தான் ஏற்றத்தில் முதலில் தெரிந்திருக்கிறது. நாளாக ஆகக் கோடு ஆழமாகி, சமதளத்திலும் வந்துவிட்டது. “இவ்வளவுதானா அண்ணாச்சி?” என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது. எஞ்சினையே இறக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

புதிய மூடி போட்டேன். பாயின்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6. அதன் பிறகே கார்புரேட்டர். எஸ்.யூ. வகை அது. எஞ்சின் சூடானபின் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணைந்துபோனால் குறைவு. சற்றே ஏறி அடங்கினால் சரி. மூன்று இடத்தில் திருகிய திருகை மீட்டெடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூடி மாற்றவோ கால் மணி நேரம்.

மறுநாள் காலை சாரலிலேயே புளியரை எஸ் வளைவில் அவரே ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். மூன்றாவது கியரில் எல்லையான கோட்டைவாசல் வரை ஓர் அடிகூட விடாமல் ஏறியது. எல்லையில் இறங்கி நான் பஸ் பிடித்துத் திரும்பினேன். அவர் நிறுத்தாமல் புனலூருக்குப் போனார்.

நன்றி. வணக்கம்.