ரோமிலிக்கு ஒரு எபிசோட்

நடுவர் அவர்களே, வணக்கம். அறிவியல் புனைவு சிறப்பது திரைப்படத்திலா, தொலைக்காட்சித் தொடரிலா என்பது தலைப்பு. தொடரில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், தனக்குக் கிடைத்த நேரத்தில் பாதியை ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்து அலையிலேயே முழுகிக் கழித்துவிட்டார். மலை மாதிரி எழும் அந்த அலையைப் பெரிய திரையில் பார்க்காதவன் பிறந்தும் பயனில்லை என்கிற அளவுக்குப் போனார். நானும் பார்த்தேன் ஐயா, வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் அழுதது எங்கே? அலையிலா? அலை எழும் அந்தக் கோளில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு ஆண்டு. கதாநாயகன் கூப்பர் விண்கலத்துக்குத் திரும்புவதற்குள் 23 ஆண்டு ஓடிவிட்டது. பிள்ளைகள் அனுப்பிய வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கிறான், உடைந்துபோகிறான். எதில் பார்க்கிறான்? ஒரு சின்னத்திரையில், நடுவர் அவர்களே!

அதே கலத்தில் ரோமிலி என்று ஒருவர் இருந்தாரே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் கீழே போய்விட்டு வரும்வரை அந்த 23 ஆண்டும் தனியாகக் காத்திருந்த மனிதர். கதவு திறந்தால் நரைத்த தாடியோடு நிற்கிறார். அந்த 23 ஆண்டுக்குப் படம் கொடுத்தது நாலைந்து வசனம். இயக்குநரைக் குறை சொல்லவில்லை. 169 நிமிடத்துக்குள் அவர் பூமியையும் காப்பாற்றியாக வேண்டும், பாவம்.

தொடர் என்ன செய்யும் என்று கேளுங்கள். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’, 1992இல் வந்த ஒரு எபிசோட். எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு கருவி விண்கலத்தின் கேப்டன் பிக்கார்டின் மனதைத் தொடுகிறது, மயங்கி விழுகிறார். கண் விழித்தால் வறண்டுவரும் ஒரு கோளில் வேறொரு மனிதர். மனைவி, பிள்ளைகள், பேரன். குழல் வாசிக்கக் கற்கிறார். மனைவியைப் பறிகொடுக்கிறார். கிழவராகிறார். நிஜத்தில் விழித்தபோது கலத்தில் கழிந்திருந்தது வெறும் 25 நிமிடம்! அந்த மக்களோ அழிந்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. துரத்தல் இல்லை, சண்டை இல்லை. கையில் மிஞ்சியது அந்தக் குழல் ஒன்றுதான். படமாக இருந்தால் அங்கே பெயர்கள் ஓட ஆரம்பித்திருக்கும். இங்கே, அடுத்த சீசனில், வேறொரு கதையில் அந்தக் குழலை எடுத்து வாசிக்கிறார். ஆறாத துக்கம் என்றால் அது.

“தொடரில் காசு கிடையாது, அட்டையில் செட் போடுவார்கள்” என்று கிண்டல் செய்தார்கள். உண்மைதான்! 1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியபோது, வாரா வாரம் கலத்தைத் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் ஆளையே ஒளியாகக் கரைத்து வேறிடத்தில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொடரில் டாக்டராக நடித்த கதாநாயகருக்கு உடம்பு முடியவில்லை. வேறு எவராக இருந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்களோ, டாக்டர் வேற்றுக்கிரகவாசிதானே, உடம்பையே மாற்றிக்கொள்வார் என்று சொல்லி வேறு நடிகரைப் போட்டார்கள். இல்லாத வீட்டுச் சமையல்காரிக்குத்தான் கைப்பக்குவம் அதிகம்!

ஜவ்வாக இழுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு... சரி, ஒப்புக்கொள்கிறேன். நானும் பட்டிருக்கிறேன். அதேபோல, 1968இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் இயக்குநர் குப்ரிக் காட்டிய அந்தச் சத்தமில்லாத விண்வெளிக்கும் என்னிடம் பதில் இல்லை, அதை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ‘தி எக்ஸ்பேன்ஸ்’ தொடருக்கு ஈடு காட்டட்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள குறுங்கோள் பட்டையில் ஈர்ப்பு குறைவு. அங்கே வளர்ந்த ஒருவனைப் பூமியில் விசாரிக்கிறார்கள். அடி இல்லை, உதை இல்லை. பூமியின் ஈர்ப்பில் தொங்கவிடுகிறார்கள், அவ்வளவுதான், அவன் உடம்பே அவனை நசுக்குகிறது. இது முதல் எபிசோடிலேயே வருகிறது. அந்த உடம்பு வேறுபாடு எப்படிப் பகையாகி, அரசியலாகி, போராகிறது என்று சொல்ல அவர்களுக்கு 62 எபிசோட் பிடித்தது. மூன்று சீசனோடு ஒரு நிறுவனம் கைகழுவியது, ரசிகர்கள் சும்மா விடவில்லை, இன்னொரு நிறுவனம் எடுத்து மேலும் மூன்று சீசன் ஓட்டியது.

மணி அடித்துவிட்டீர்கள். என் நேரமும் அந்தக் கோளில் ஓடுகிற மாதிரியே ஓடிவிட்டது. தீர்ப்பு எழுதுமுன் அந்த ரோமிலியை மட்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. இன்னும் அங்கேதான் நிற்கிறார். நன்றி, வணக்கம்.