கல்லுக்கு ஊர் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தை பிறந்துவிட்டால் நம்ம மதுரை தெற்காவணி மூல வீதியில் கல்யாண வீட்டுக்காரர்கள் கும்பல் கும்பலாகக் கடை ஏறி இறங்குவார்கள். தங்கத்தை எடை போட்டு முடித்து வைரத்துக்கு வந்ததும் பேச்சே மாறிவிடும். ஏழு கல் தோடு மொத்தம் எத்தனை சென்ட், கலர் எப்படி, கரும்புள்ளி இருக்கிறதா, அப்புறம் முக்கியமாக, பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளுமா. சில வீடுகளில், தெரிந்த கடை என்றால், கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் பணம் கட்டுவார்கள். காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்துக்குக் குற்றம் எண்ணிய மரபு நம்முடையது, அதனால் நான் குறை சொல்லவில்லை. இவ்வளவு துருவுகிற நாம், அதை யார் தோண்டினார்கள், எங்கே தோண்டினார்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். அங்கே கோனோ பகுதியில் வைரம் எடுக்கப் பெரிய சுரங்கமெல்லாம் வேண்டியதில்லை. ஆற்றுச் சரளையை மண்வெட்டியால் வாரி, தண்ணீரில் நின்றபடி சல்லடையில் அலசினால் போதும். அதுதான் வினையாகப் போனது. துப்பாக்கி வைத்திருக்கிற எவனும் நாலு பேரை மிரட்டித் தோண்ட வைக்கலாம், கிடைத்த கல்லை மடியில் முடிந்துகொண்டு எல்லை தாண்டலாம். புரட்சிகர ஐக்கிய முன்னணி என்ற கிளர்ச்சிப் படை இதைத்தான் செய்தது. கல் பக்கத்து நாடான லைபீரியா வழியாக வெளியே போனது, ஆயுதம் அதே வழியில் உள்ளே வந்தது. 1996 தேர்தலில் ஓட்டுப் போடக் கூடாதென்று ஜனங்களின் கைகளை வெட்டினார்கள். இந்தப் படைக்குத் துணை நின்றதற்காக லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறை விதித்தார்கள்.

இந்த மாதிரி கல்லைத் தடுக்கத்தான் 2003இல் பல நாடுகள் சேர்ந்து ஏற்ற கிம்பர்லி சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் இருக்கிறது. "எல்லாம் கிம்பர்லி சரக்குதாங்க" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தச் சான்று பட்டை தீட்டாத கல்லுக்குத்தான், அதுவும் மொத்தப் பொட்டலத்துக்கு. சூரத்தில் பட்டை தீட்டி, அளவு வாரியாகப் பிரித்துக் கலந்த பிறகு அந்தச் சான்று கல்லோடு வராது. கடையில் தருகிற ஆய்வுக்கூட அட்டையிலும் எடை, நிறம், தெளிவு, வெட்டு இருக்கும். ஊர் பெரும்பாலும் இருக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அரசை எதிர்க்கும் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணம் போனால்தான் கிம்பர்லி கணக்கில் அது மோதல் வைரம். ஜிம்பாப்வேயின் மராங்கே வயலில் 2008இல் வைரம் தோண்டியவர்களை ராணுவமே சுட்டது, செத்தவர்கள் 200க்கு மேல் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சுட்டது அரசாங்கம், ஆகவே கல் சுத்தம்! 2011இல் அந்த வைரத்துக்கு ஏற்றுமதி அனுமதியும் கிடைத்தது. மோதல் வைரங்களை முதலில் அம்பலப்படுத்தியவர்களில் ஒருவரான குளோபல் விட்னஸ் அமைப்பு, வெறுத்துப்போய் அதே ஆண்டு கிம்பர்லியை விட்டு வெளியேறியது.

கலந்துபோன கல்லுக்கு எப்படி ஊர் சொல்வது என்று வியாபாரிகள் கேட்பார்கள். உக்ரைன் போருக்காக ரஷ்ய வைரத்தைத் தடுத்த அமெரிக்கா, 2024 மார்ச் முதல் ஒரு கேரட்டும் அதற்கு மேலும் உள்ள கல் ரஷ்யாவில் தோண்டியதில்லை என்று இறக்குமதி செய்பவரிடம் எழுதி வாங்க ஆரம்பித்தது. சூரத்திலிருந்து போகிற கல்லுக்கும் இதுதான். கேட்பதற்கு அங்கே ஆள் இருக்கிறது, எழுதிக் கொடுக்கிறார்கள். நம்ம தோட்டில் இருப்பது பொடிக்கல், கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம் என்பது உண்மைதான், ஆனால் கேட்கக் காசா பணமா?

வைரமே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோனோவில் இன்றைக்கும் சல்லடை பிடித்துத்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் விலை குறைவு, அதை எடுப்பதானால் திரும்பக் கொடுக்கும்போது என்ன தருவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாட்டியின் தோடு பெட்டியில் தூங்கினால் அந்தக் கல்லையே புதுசாகக் கட்டிக்கொள்ளலாம், கூலி மட்டும்தான். புதுக் கல்தான் வேண்டுமென்றால், எந்த நாட்டுக் கல் என்று ரசீதில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லட்டும். மொத்த வியாபாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் காத்திருங்கள், முகூர்த்தத்துக்கு நாள் இருக்கிறதல்லவா. நன்றி, வணக்கம்.